பிஎச் 10.5 வரை ஏற்றியும் நிக்கல் இறங்க மறுக்கிறது

அலசல்தொட்டி (கேள்வி)

வணக்கம். முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். துத்தநாகம், நிக்கல், குரோமியம் என்று மூன்று வரிசை ஓடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் என் தொட்டிகளுக்கு வரும்.

நான் செய்யும் முறை இதுதான். குரோம் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து, கந்தக அமிலம் விட்டு பிஎச் 2.5க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போடுவேன். மஞ்சள் போய்ப் பச்சை வந்ததும், குரோமின் ஒடுக்கம் முடிந்ததா என்று காட்டும் ஓஆர்பி மீட்டரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, மற்ற அலசல் நீரோடு சேர்ப்பேன். அப்புறம் காஸ்டிக் சோடா விட்டு பிஎச் 10.5. துகள்களைத் திரட்டும் பாலிமர். இரண்டு மணி நேரம் படிய விடுவேன். மேலே தெளிந்தது மணல் வடிகட்டி வழியாகப் போய், கடைசியில் பிஎச் சரிசெய்து வெளியேறும்.

இந்த முறையில் முன்பெல்லாம் நிக்கல் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியதே இல்லை. ஆனால் நான்கு மாதமாக 5, 7, ஒரு தடவை 8.2 என்று வருகிறது. எங்களுக்கு விதித்த வரம்பு 3. குரோமியம் 0.3, துத்தநாகம் 0.4. அவை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நிக்கல் மட்டும்தான் இப்படி.

பிஎச்சை 11.3க்கு ஏற்றிப் பார்த்தேன். நிக்கல் கொஞ்சமும் அசையவில்லை, துத்தநாகம் 3க்கு ஏறிவிட்டது. பாலிமரை இரண்டு மடங்காக்கினேன். தண்ணீர் வழவழவென்று ஆகி மணல் வடிகட்டி அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். பிஎச் மீட்டரை 4, 7, 10 மூன்று தாங்கல் கரைசலிலும் சரிபார்த்துவிட்டேன், அதில் பிசகில்லை.

வெளியேறும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. தினமும் காலையில் அந்தக் குழாய் முனையில் நின்று பார்க்கிறவன் நான். இவ்வளவு தெளிவாக இருக்கிற தண்ணீரில் 7 மில்லிகிராம் நிக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு தகவல். ஏழு மாதம் முன்பு கசடைக் குறைப்பதற்காகச் சுண்ணாம்பிலிருந்து காஸ்டிக் சோடாவுக்கு மாறினோம். ஆனால் அதற்குப் பிறகும் மூன்று மாதம் அளவு சரியாகத்தான் இருந்தது. வேறெதையும் நான் மாற்றவில்லை.

---

மணல்வடிகட்டி

காஸ்டிக் விட்டதும் கரைந்த உலோகம் திடமாகி உருவாகும் ஹைட்ராக்சைடு துகள் ரொம்ப நுண்ணியது. சுண்ணாம்பில் கிடைக்கிற கனம் அதில் இருக்காது. படியாமல் மணலையும் தாண்டிப் போகிறது என்று நினைக்கிறேன். வடிகட்டி மணலை மாற்றிப் பாருங்கள். அவசரத்துக்கு, கடைசித் தொட்டியில் நல்ல தண்ணீரைக் கலந்து விட்டால் 3க்குள் வந்துவிடும். அதற்குள் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம்.

---

பழைய பீக்கர்

தம்பி, முதலில் ஒன்று. நல்ல தண்ணீர் கலக்கும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். மேலே எழுதிய நண்பர் உதவ நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40,000 லிட்டர், லிட்டருக்கு 7 மில்லிகிராம். அது 280 கிராம் நிக்கல். 300 நாள் ஓடினால் 84 கிலோ. இன்னும் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை ஊற்றினாலும் அதே 84 கிலோதான் போய்ச் சேரும், அறிக்கையில் எண் மட்டும் சிறிதாகும். சாயத்தையோ எண்ணெயையோ போல உலோகம் நாளடைவில் சிதைந்து போகாது. எங்கே படிகிறதோ அங்கே கிடக்கும். ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவின் பாதரசத்தால் வந்த நோய் 1956இல் கண்டறியப்பட்டது. விரிகுடாவின் அடியில் தங்கிய பாதரசச் சேற்றை அள்ளி மூடும் வேலை 1977இல் தொடங்கி 1990 வரை நடந்தது. கடல் அளவுக்குத் தண்ணீர் இருந்தும் அது கரைந்து காணாமல் போகவில்லை.

சரி, உங்கள் விஷயம். இந்தத் தொழிலில் எனக்கு 24 வருடம். ஒவ்வொரு ஆலையிலும் பார்த்தது ஒன்றுதான்: அளவு ஏறினால் மருந்தைக் கூட்டுவார்கள். காஸ்டிக்கைக் கூட்டு, பாலிமரைக் கூட்டு. நீங்களும் அதைத்தான் செய்தீர்கள், அதில் தப்பில்லை, எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் மருந்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். தண்ணீரில் நிக்கல் எந்த உருவத்தில் இருக்கிறது? துகளாகவா, கரைந்தா? கரைந்திருந்தால் தனியாகவா, யாருடைய பிடியிலாவதா?

முதல் பாதிக்கு இன்றைக்கே பதில் தெரிந்துகொள்ளலாம். வெளியேறும் தண்ணீரில் இரண்டு குப்பி எடுங்கள். ஒன்றை அப்படியே அனுப்புங்கள். இன்னொன்றை 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டி அனுப்புங்கள். வடிகட்டியதில் நிக்கல் 1க்குக் கீழே வந்தால் மணல்வடிகட்டி சொல்வது சரி, படியாத துகள்தான் பிரச்சினை. இரண்டிலும் அதே 7 வந்தால் நிக்கல் கரைந்திருக்கிறது. அப்போது மணலை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை.

கரைந்துதான் இருக்கும் என்பது என் ஊகம். துகள்தான் தப்பிப் போகிறது என்றால் மூன்று உலோகமும் சேர்ந்து ஏறியிருக்க வேண்டும். ஒரே கசடில்தானே மூன்றும் இருக்கின்றன? நிக்கல் மட்டும் தனியாக ஏறுகிறது என்றால், அதை யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்தது ஒன்று. மின்சுற்றுப் பலகை செதுக்கும் ஆலை. செம்பு இறங்கவில்லை என்று இரண்டு நாள் காஸ்டிக்கை விட்டுக்கொண்டே இருந்தேன். கசடெல்லாம் அடியில் போய்விட்டது, மேலே தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஆனால் ஆழ்ந்த நீல நிறம். அம்மோனியா செம்பைக் கட்டிப் பிடித்திருந்தது. எனக்கு மூத்தவர் ஒருவர் வந்து பார்த்தார், எதுவும் பேசவில்லை. ஒரு பீக்கரில் அந்த நீலத் தண்ணீரை எடுத்து, சோடியம் சல்ஃபைடு கரைசலை நாலு சொட்டு விட்டார். என் கண்முன்னால் மை கொட்டியதுபோல் கறுத்து, அடியில் இறங்கி, மேலே நிறமே இல்லாமல் ஆனது. அன்றைக்குப் புரிந்தது: ஹைட்ராக்சைடு ஆகாமல் உலோகத்தைத் தடுக்கிற கைகள் தண்ணீரில் இருக்க முடியும். உங்கள் 7 மில்லிகிராம் நிக்கலுக்குக் கண்ணுக்குத் தெரிகிற நிறம் கிடையாது. அதனால்தான் கண்ணாடி மாதிரி தெரிகிறது.

அப்படிப் பிடிக்கிறவர்கள் யார் யார்? அம்மோனியா, சிட்ரேட், டார்ட்ரேட், குளுக்கோனேட், அமீன்கள், எல்லாவற்றையும் விட வலுவாக ஈடிடிஏ. மின்சாரம் இல்லாமல் நிக்கல் படிய வைக்கும் குளியல்களில் சிட்ரேட் போன்றவை இருக்கும். காரத் துத்தநாக-நிக்கல் குளியலில் அமீன் இருக்கும். எண்ணெயும் துருவும் எடுக்கும் காரக் கழுவுநீரில் குளுக்கோனேட்டும் ஈடிடிஏவும் இருக்கும்.

நீங்கள் எதையும் மாற்றவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் முலாம் பூசும் தளத்தில் யாராவது எதையாவது மாற்றினார்களா என்று கேட்டீர்களா?

அதற்கும் முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும்: உங்கள் வரிசைகளில் எங்காவது சயனைடுக் குளியல் உண்டா? இதற்குப் பதில் சொல்லும்வரை சேர்ந்த தண்ணீரில் அமிலம் விட்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். சயனைடுத் தண்ணீரில் அமிலம் பட்டால் எழும் வாயு ஆளைக் கொல்லும். அதன் வாசனை நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை.

---

அலசல்தொட்டி

நன்றி ஐயா. சயனைடு எங்குமே இல்லை. எங்கள் துத்தநாகக் குளியல் சயனைடு இல்லாத கார வகை. தளப் பொறுப்பாளரிடம் நேரில் உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டு குப்பியும் அனுப்பிவிட்டேன். முடிவு வர இரண்டு நாள் ஆகும்.

---

ரெசின்பக்கம்

நான் அயனிப் பரிமாற்றப் பிசின் வேலை பார்ப்பவன். கடைசியில் ஒரு இமினோடைஅசிட்டேட் பிசின் நிரலை வைத்துவிடுங்கள். கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தாலும் அவற்றை விட்டுவிட்டு நிக்கலைத் தேர்ந்து பிடிக்கும். பல இடங்களில் 0.1க்குக் கீழே கொண்டுவந்திருக்கிறோம். பிசின் நிறைந்ததும் அமிலத்தால் கழுவினால் நிக்கல் செறிவாகக் கிடைக்கும், திரும்பப் பயன்படுத்தவும் வழி உண்டு.

இன்னொரு வழி, தயோகார்பமேட் வகை வீழ்படிவாக்கிகள். பிடிபட்ட நிக்கலையும் இழுத்துக் கீழே போட்டுவிடும்.

---

பழைய பீக்கர்

ரெசின்பக்கம் சொல்வது தனி நிக்கலுக்கு முழுக்கச் சரி. நிக்கல் அலசல் நீர் மட்டும் தனியாக வருமானால் அந்தப் பிசினுக்கு நானும் கை தூக்குவேன். ஆனால் ஈடிடிஏ பிடித்த நிக்கலுக்கு மின்சுமை மாறிவிடுகிறது. நேர் அயனியாக இருந்தது எதிர் அயனியாகிவிடும். உங்கள் பிசினின் கையை விட ஈடிடிஏவின் பிடி வலுவானது. நிரலுக்குள் நுழைந்து, எதையும் தொடாமல் மறுபக்கம் வெளியே வந்துவிடும். பிடித்திருப்பது யார் என்று தெரியாமல் நிரல் வாங்க வேண்டாம்.

தயோகார்பமேட் வேலை செய்யும், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் தம்பி, அதைப் பாலிமர் மாதிரி நினைத்துக் கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. மீறிப் போன மருந்து தண்ணீரோடு போகும், அது மீனுக்கு விஷம். 1999 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டியானாவில் வைட் ஆற்றில் 80 கிலோமீட்டருக்கு மேல் மீன்கள் செத்து மிதந்தன. உலோகத்தைப் பிடிப்பதற்காக ஒரு ஆலையில் போட்ட தயோகார்பமேட்தான் காரணமாக இருந்தது. விஷத்தை எடுப்பதற்காகப் போட்ட மருந்து அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். கடைசி வழியாக, ஜார் டெஸ்ட்டில், அதாவது பீக்கர்களில் வெவ்வேறு அளவு விட்டு, அளவு பார்த்து, குறைந்தபட்சம் மட்டும்.

முடிவு வரும்வரை இரண்டு வேலை செய்யுங்கள்.

நிக்கலைச் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும் டைமெத்தில்கிளையாக்சைம் இருக்கிறதா? ஆல்கஹாலில் 1 சதவீதக் கரைசல். நிக்கல் அலசல் நீர் கொஞ்சம் சோதனைக் குழாயில் எடுத்து, அம்மோனியா இரண்டு சொட்டு, அப்புறம் இந்தக் கரைசல் இரண்டு சொட்டு. செம்பருத்தி மாதிரி சிவக்கும். அதே சோதனையை வெளியேறும் தண்ணீரில் செய்யுங்கள். 7 மில்லிகிராம் தனியாகவோ சிட்ரேட்டோடோ இருந்தால் இளஞ்சிவப்பு தெரியும். ஆய்வகம் 7 என்று சொல்லும் தண்ணீரில் குழாய் சிவக்கவே இல்லை என்றால், பிடித்திருப்பது ஈடிடிஏ மாதிரி வலுவான கை.

இரண்டாவது, ஆறு பீக்கர் வரிசையாக வையுங்கள். உங்கள் தொட்டிக்கு வரும் ஒவ்வொரு ஓடையிலிருந்தும் தனித்தனியாக ஒரு குடம் தண்ணீர் பிடியுங்கள். முதல் பீக்கரில் நிக்கல் அலசல் நீர் மட்டும். இரண்டாவதில் நிக்கல் நீரோடு துத்தநாக நீர். மூன்றாவதில் நிக்கலோடு ஒடுக்கம் முடிந்த குரோம் நீர். நான்காவதில் நிக்கலோடு எண்ணெய் எடுக்கும் தொட்டி நீர். ஐந்தாவதில் நிக்கலோடு அமிலத் தொட்டி நீர். ஆறாவதில் எல்லாம் சேர்ந்தது. ஆலையில் எந்த விகிதத்தில் வருகிறதோ அதே விகிதம். எல்லாவற்றையும் பிஎச் 10.5க்குக் கொண்டுவந்து, படிய வைத்து, வடிகட்டி, நிக்கல் மட்டும் பாருங்கள். பீக்கர்மேல் பெயர் எழுதாமல் ஆரம்பிக்காதீர்கள், நடுவில் குழப்பம் வந்தால் ஒரு நாள் வேலை வீண்.

---

அலசல்தொட்டி (நான்கு நாள் கழித்து)

ஐயா, எல்லாம் வந்துவிட்டது.

வடிகட்டாத குப்பி 6.9. வடிகட்டியது 6.7. நீங்கள் சொன்ன மாதிரியே கரைந்துதான் இருக்கிறது.

டைமெத்தில்கிளையாக்சைம் சோதனையை மூன்று தடவை செய்தேன். நிக்கல் அலசல் நீர் இரண்டாவது சொட்டிலேயே குப்பென்று சிவந்தது. வெளியேறும் தண்ணீர் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தும் நிறமே வரவில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, அதே குழாயில் நிக்கல் சல்ஃபேட்டைத் துளிக்கணக்கில் விட்டேன். முதல் சில துளிகளுக்கு ஒன்றுமில்லை. அதன் பிறகுதான் சிவந்தது. அதாவது தண்ணீரில் இன்னும் காலியான கைகள் இருந்திருக்கின்றன, நான் விட்ட நிக்கலையும் முதலில் அவையே பிடித்துக்கொண்டன. சரிதானே?

பீக்கர் முடிவு: நிக்கல் மட்டும் 0.3. துத்தநாகத்தோடு 0.4. குரோமோடு 0.3. அமிலத் தொட்டி நீரோடு 0.4. எண்ணெய் எடுக்கும் தொட்டி நீரோடு 11.5. எல்லாம் சேர்ந்தது 7.1.

உடனே தளத்துக்குப் போனேன். நான்கரை மாதம் முன்பு எண்ணெய் எடுக்கும் தொட்டியில் மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பழைய மருந்தில் துரு சரியாகப் போகவில்லையாம். புது மருந்து எண்ணெய், துரு இரண்டையும் ஒரே தொட்டியில் எடுக்கிறதாம். பாதுகாப்புத் தாளை வாங்கிப் படித்தேன். சோடியம் குளுக்கோனேட், டெட்ராசோடியம் ஈடிடிஏ. இரண்டும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை 1,500 லிட்டர் தொட்டியைக் காலி செய்து என் சேகரிப்புத் தொட்டிக்குத் திறந்துவிடுகிறார்கள். தினமும் அலசலில் ஒட்டிக்கொண்டு வருவது வேறு.

எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அது வெறும் சோப்பு. நான்கு மாதம் நான் காஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அத்தனை நாளும் நிக்கல் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை எழுதும்போது மனசு கொதிக்கிறது.

இப்போது என்ன செய்வது? சேகரிப்புத் தொட்டியில் பழைய கழுவுநீர் கிடக்கிறது. தளத்தில் இன்னும் ஒரு தொட்டி நிறைய இருக்கிறது.

---

பழைய பீக்கர்

நிக்கல் சல்ஃபேட்டைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தீர்களே, அது நான் சொல்லிக்கொடுக்காதது. நீங்களாகவே யோசித்துச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் புரிந்துகொண்டதும் சரி. பிடிக்க நிக்கல் இல்லாமல் காத்திருக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. எப்போதாவது நிக்கல் கூடுதலாக வந்தால் 8.2 என்பது 15 ஆகும்.

சுண்ணாம்பைக் கைவிட்டு காஸ்டிக்குக்கு மாறியதும் இதில் கைகொடுக்காமல் போயிருக்கிறது. ஈடிடிஏவுக்கு நிக்கல்மேல் உள்ள பிடிப்பு கால்சியத்தின்மேல் உள்ளதை விடப் பல கோடி மடங்கு. அதனால் சாதாரண பிஎச்சில் கால்சியத்தால் நிக்கலின் இடத்தைப் பறிக்க முடியாது. ஆனால் பிஎச் 11.5, 12 என்று போகும்போது நிக்கல் ஹைட்ராக்சைடாகி விழப் பார்க்கும், அந்தச் சமயம் கால்சியம் நிறையச் சுற்றிலும் இருந்தால் ஈடிடிஏ கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியத்துக்குக் கை மாற்றும். காஸ்டிக்கில் கால்சியம் கிடையாது. அதனால்தான் 11.3க்கு ஏற்றியும் நிக்கல் அசையவில்லை. துத்தநாகம் ஏறியது வேறு கதை. அது அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். ஈரியல்பு.

செய்ய வேண்டியது: கழுவுநீரை மற்ற தண்ணீரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். இன்றிலிருந்தே. தனித் தொட்டி இல்லையென்றால் பீப்பாயில் பிடியுங்கள். கலந்த 40,000 லிட்டரோடு போராடுவதை விட 1,500 லிட்டரோடு போராடுவது எவ்வளவோ மேல்.

அப்படித் தனியாகப் பிடித்ததை, பீக்கரில் முதலில் இப்படிச் செய்து பாருங்கள். பிஎச் 2.5க்கு இறக்குங்கள். ஃபெரிக் குளோரைடு விடுங்கள். அமிலத் தண்ணீரில் மூன்று இணைதிறன் இரும்பை ஈடிடிஏ நிக்கலை விட இறுக்கமாகப் பிடிக்கும், நிக்கலை விட்டுவிடும். ஆனால் நிக்கல் மெதுவாகத்தான் கழன்று வரும். செம்பு மாதிரி நிமிடத்தில் ஆகாது. பலர் அரை மணி நேரம் கலக்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று இந்த முறையையே கைவிடுகிறார்கள். ஒரு பீக்கரை அரை மணி நேரம், ஒன்றை நான்கு மணி நேரம், ஒன்றை இரவு முழுக்க என்று விடுங்கள். அப்புறம் காஸ்டிக் இல்லாமல், சுண்ணாம்புப் பால் விட்டு 11.5க்கு ஏற்றுங்கள். இரும்பு துரு நிறத்தில் ஹைட்ராக்சைடாக விழும், ஈடிடிஏவைக் கால்சியம் எடுத்துக்கொள்ளும், நிக்கல் தனியாக நின்று கசடோடு இறங்கும். கழுவுநீரில் துத்தநாகம் இல்லாததால் 11.5க்குத் தைரியமாகப் போகலாம். கசடு நிறைய வரும், அதற்கு வருத்தப்படாதீர்கள்.

அமிலம் விடும்போது நுரைக்கும், அதில் சோப்பு இருக்கிறது. தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இதெல்லாம் இருப்பில் கிடப்பதைத் தீர்ப்பதற்கு மட்டும். நிரந்தரத் தீர்வு, அந்த மருந்து தளத்துக்குள் வராமல் இருப்பதுதான். எண்ணெயை ஒரு தொட்டியிலும் துருவை அமிலத் தொட்டியிலும் தனித்தனியாக எடுத்தால் ஈடிடிஏவுக்கு வேலையே இல்லை. அந்த ஆறு பீக்கரையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தளப் பொறுப்பாளர் மேசையில் வையுங்கள். நான்காவது பீக்கருக்குப் பக்கத்தில் 11.5 என்று எழுதி வையுங்கள். அவர் கெட்டவர் இல்லை தம்பி, அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்பார்.

---

மணல்வடிகட்டி

நான் சொன்னது தவறு என்று புரிகிறது. தண்ணீர் கலக்கச் சொன்னதற்கு வருந்துகிறேன். 84 கிலோ கணக்கை என் ஆலைக்கும் போட்டுப் பார்த்தேன். நாளைக்கே வடிகட்டிய குப்பி, வடிகட்டாத குப்பி இரண்டும் அனுப்புகிறேன்.

ஒரு சந்தேகம். இரும்பு கலந்த இந்தக் கசடைச் சாதாரண கசடோடு சேர்த்து, தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸில் விடலாமா?

---

பழைய பீக்கர்

பிரஸில் விடலாம், தண்ணீர் நன்றாகவே பிரியும். ஆனால் அதை வைக்கும் இடத்தைப் பாருங்கள். மழை படக்கூடாது, பக்கத்தில் அமிலப் பீப்பாய் இருக்கக்கூடாது. ஹைட்ராக்சைடு அமிலத்தைப் பார்த்தால் மறுபடி கரைந்துவிடும், நாம் பட்ட பாடெல்லாம் தரையில் ஓடும். பிரஸிலிருந்து பிழியும் தண்ணீரை வெளியே விடாமல் தொட்டிக்கே திருப்புங்கள். அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

---

அலசல்தொட்டி (மூன்று வாரம் கழித்து)

ஐயா, நடந்ததைச் சொல்கிறேன்.

இரும்பு முறையில் பீக்கர் முடிவுகள்: அரை மணி நேரம் விட்டது 4.6. நான்கு மணி நேரம் 2.1. இரவு முழுக்க விட்டது 0.9. அரை மணி நேர பீக்கரை மட்டும் பார்த்திருந்தால் நானும் கைவிட்டிருப்பேன்.

பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு தளப் பொறுப்பாளரிடம் போனேன். முதலில் மருந்து விற்றவர் சொன்னதையே சொன்னார். எளிதில் மட்கும் பொருள், சுற்றுச்சூழலுக்குக் கெடுதலில்லை என்று. நான் வாதாடவில்லை. இரண்டு சோதனைக் குழாய் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு நிக்கல் அலசல் நீர் விட்டேன். ஒன்றில் அவருடைய கழுவுநீர் அரைக் கரண்டி. இரண்டிலும் டைமெத்தில்கிளையாக்சைம். ஒன்று சிவந்தது, மற்றது தண்ணீராகவே நின்றது. நிக்கல் எங்கே போனது என்று கேட்டார். போகவில்லை, இதற்குள்ளேயே இருக்கிறது, என் கண்ணிலிருந்தும் காஸ்டிக்கிலிருந்தும் ஒளிந்துகொண்டிருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் குழாயையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் பழைய மருந்துக்கு மாற ஒப்புக்கொண்டார். துருவுள்ள பொருட்களுக்கு மட்டும் அமிலத் தொட்டியில் கூடுதலாக இரண்டு நிமிடம். இனி எந்தத் தொட்டியில் எந்த மருந்தை மாற்றினாலும் முதல் குப்பி என் மேசைக்கு வர வேண்டும் என்று தளப் பலகையில் அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

இருந்த கழுவுநீரை 750 லிட்டர் வீதம் இரண்டு தொகுதியாக இரும்பு போட்டு, இரவு விட்டு, சுண்ணாம்பில் முடித்தேன். முதல் தொகுதியில் நுரை தொட்டி விளிம்புவரை வந்துவிட்டது. பாதி மட்டும் நிரப்பச் சொன்னீர்களே, அது காப்பாற்றியது.

சேகரிப்புத் தொட்டியைக் கழுவி இன்றோடு ஒன்பது நாள். வெளியேறும் தண்ணீரில் நிக்கல் முதல் நாள் 2.4, நான்காம் நாள் 1.1, நேற்று 0.6. துத்தநாகம் 0.4. பிஎச் 10.5இலேயே வைத்திருக்கிறேன். காஸ்டிக்கோடு கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்க்கிறேன், கசடு முன்னைவிடக் கனமாக, சீக்கிரம் படிகிறது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். நேற்றைய 0.6ஐயும் குழாயில் சோதித்துப் பார்த்தேன், சிவக்கவில்லை. இவ்வளவு குறைந்த அளவில் அந்தச் சோதனையை நம்பலாமா, இல்லை இன்னும் ஈடிடிஏ மிச்சம் இருக்கிறதா?

---

பழைய பீக்கர்

0.6ஐ வெறுங்கண்ணால் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். குழாயில் கொஞ்சமாக விடுகிறோம், அந்த அளவில் நிறம் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். முன்பு செய்த மாதிரியே நிக்கல் சல்ஃபேட்டை மிக நீர்த்த கரைசலாக்கித் துளித்துளியாக விடுங்கள். பக்கத்தில் வெறும் காய்ச்சிவடித்த நீரில் அதே துளிகள். இரண்டும் ஒரே துளியில் சிவந்தால் தண்ணீரில் காலிக் கைகள் இல்லை. உங்கள் தண்ணீர் பின்தங்கினால் தொட்டி மூலைகளிலோ குழாய்களிலோ பழைய மருந்து இன்னும் ஒட்டியிருக்கிறது, இன்னும் சில நாள் பொறுங்கள்.

அந்தப் பலகையைப் பற்றிப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வரும் முதல் குப்பிக்கு ஒரு தனி அலமாரித் தட்டு ஒதுக்கி, தேதி எழுதி வையுங்கள்.